படம் முடிந்த பிறகு மார்பில் ஏறி உட்காருவது யார்?

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, கூடவே மாமியார். தீபாவளிக்குத் தவணையில் பெரிய டிவியும் ஸ்பீக்கரும் வாங்கினார்கள். அதிலிருந்து, வேலை முடிந்து வரும் கணவர் சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்கு மேல் பேய்ப்படம் போட்டுவிடுகிறார். விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். தனியாகப் பார்த்தால் சுவைக்காது என்று மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். எழுந்து போனால் கோபம். ‘பாக்கப் பாக்கப் பழகிடும்’ என்பது அவர் வாதம்.

தை மாதத்திலிருந்து இந்த வாசகிக்கு விடியற்காலை மூன்று மணியளவில் விழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் கை கால் அசையவில்லை. மார்பின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் பாரம். கட்டிலின் கால்மாட்டில் தலைவிரி கோலமாக ஒரு பெண். படத்தில் பார்த்த அதே சேலை என்கிறார். கத்தினால் குரல் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ, பிறகு சட்டென்று விட்டுவிடுகிறது. இதுவரை ஐந்தாறு முறை இப்படி ஆகியிருக்கிறது. மாமியாருக்குத் தெரிந்ததும், ‘தீட்டு நாள்ல அந்தப் படத்தைப் பாத்ததால ஏறிக்கிச்சு’ என்று சொல்லித் தாயத்து கட்டிவிட்டார். அடுத்து, மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் போகிற குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்க வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது.

‘எனக்குள்ள ஏதாவது புகுந்திருக்கா? இல்ல, இது பைத்தியத்தோட ஆரம்பமா? சினிமால காட்டுற மாதிரி நானே வேற ஒருத்தியா மாறிடுவேனா? தூக்க மாத்திரை போட்டா நிக்குமா?’ என்று கேட்கிறார். குழந்தையும் இப்போது பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுக்கிறாளாம். கையெழுத்துக்குக் கீழே, போனால் போகிறது என்பதுபோல் ஒரு வரி: ‘எங்கம்மா போன ஆவணியில தவறிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.’

சகோதரி,

உங்களுக்குள் எதுவும் புகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பைத்தியத்தின் ஆரம்பமும் இல்லை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாதுதான். ஆனால் விழித்தபடியே உடல் அசையாமல் கிடப்பது, மார்பில் பாரம், அறையில் ஒரு ஆள், ஓரிரு நிமிடத்தில் தானாக விடுவது என்று நான்கும் சேர்ந்து வரும்போது எங்களுக்கு அதிகம் குழப்பம் இருப்பதில்லை. உங்கள் பாட்டி காலத்திலிருந்து அமுக்குவான் பேய் என்று சொல்லிவந்த அதே சங்கதிதான். மருத்துவத்தில் ஸ்லீப் பராலிசிஸ்.

மூன்று மணிக்கு நடப்பது என்ன?

கனவு காணும் தூக்கத்தில் மூளை ஒரு முன்னெச்சரிக்கை எடுத்துக்கொள்கிறது. கனவில் ஓடினால் நாம் நிஜமாகவே கட்டிலைவிட்டு எழுந்து ஓடிவிடக் கூடாது என்று கை, கால், கழுத்துத் தசைகளுக்கான மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை நடத்தும் உதரவிதானமும் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். சில நாள் என்ன ஆகிறதென்றால், நினைவு முதலில் விழித்துக்கொள்கிறது. ஸ்விட்ச் இன்னும் போடப்படவில்லை. இந்த இடைவெளியில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

மார்புத் தசைகள் தளர்ந்து கிடப்பதால் ஆழமாக இழுத்து மூச்சுவிட முடியாது. முயற்சி செய்து தோற்கும்போது மேலே யாரோ அழுத்துவதாக உடல் அர்த்தம் செய்துகொள்கிறது. உண்மையில் மூச்சு நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. அதே நேரம் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி முழு வேகத்தில் இருக்கிறது. கனவும் இன்னும் கலையவில்லை. ஆபத்து இருக்கிறது என்று மணி அடித்துவிட்டது, ஆனால் ஆளைக் காணோம். அப்போது கனவு ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்த ஆளுக்கு முகம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி ஒருத்தி வந்து மார்பில் உட்காருகிறாள். ஜப்பானில் இதற்கு கனாசிபாரி என்று பெயர், இரும்பால் கட்டிப்போட்டதுபோல் இருக்கும் என்கிறார்கள். ஓவியர் ஃபூசெலி 1781இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், தூங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப்பேய் குந்தியிருக்கும். அப்போது சினிமாவே கிடையாது. உங்கள் விஷயத்தில் முந்தின வாரம் பார்த்த படம் கைவசம் இருந்தது. சேலை உட்பட அங்கிருந்து வந்துவிட்டது. படம் செய்தது அவ்வளவுதான். மாதவிலக்கு நாளில் பார்த்தீர்களா, மற்ற நாளில் பார்த்தீர்களா என்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நாட்களில் சிலருக்குத் தூக்கம் சரியாக இருக்காது, அதைத் தவிர.

இது அபூர்வமும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கணக்குப் பார்த்தபோது, பொதுமக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். விடுதியில் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் அல்லவா!

‘சரியா மூணு மணிக்கு ஏன் வருது’ என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். படங்களில் மூன்று மணிதான் பேயின் நேரம் என்பதால் உங்களுக்கு அது உறுத்துகிறது. கனவுத் தூக்கம் இரவின் முற்பாதியில் கொஞ்சமாகவும் பிற்பாதியில் நீளமாகவும் வரும். பன்னிரண்டரைக்குப் படுப்பவருக்கு மூன்று மணி என்பது அந்த நீளமான கட்டம் தொடங்கும் நேரம். அதோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் நாலரைக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் போய்விடுமோ என்று காது விழித்திருக்கும். தூக்கம் பாதியில் அறுபடும். நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் அரைகுறை, மல்லாந்து படுக்கும் பழக்கம் வேறு. இவை மூன்றுமே இதை வரவழைப்பவை. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டு ஸ்பீக்கரைவிடக் குழாய்த் தண்ணீர்தான் பெரிய குற்றவாளி.

வேறொருத்தியாக மாறிவிடும் பயத்தைப் பற்றி. சினிமா நமக்கு ஸ்பிளிட் பர்சனாலிட்டி என்ற பெயரைக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அந்த வகை நோய்களில் நேரம் தொலைந்துபோகும். இடையில் நடந்தது தனக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் வந்து சொல்வார்கள். உங்களுக்கோ மின்விசிறிச் சத்தம் வரைக்கும் நினைவிருக்கிறது. இதற்கு நேர் எதிர்.

படத்துக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது, ஆனால் மாமியார் நினைக்கும் வழியில் இல்லை. பேய்ப்படம் நம்மைப் பிடிப்பது பெரும்பாலும் காது வழியாக. நிசப்தம், இழுத்துக்கொண்டே போகும் தாழ்ந்த ஒலி, மறுபடி நிசப்தம், பிறகு ஒரே அடி. அந்த அடிக்கு உடல் துள்ளுவது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல். ‘இது மேக்கப்’ என்ற அறிவு வந்து சேர்வதற்குள் துள்ளி முடிந்திருக்கும். அதனால்தான் பத்தாவது முறை பார்ப்பவரும் திடுக்கிடுகிறார். ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பகலில் ஓடவிட்டுப் பாருங்கள், பாதிப் பேய் காணாமல் போயிருக்கும்.

தியேட்டரில் நம் ஊர்க் கூட்டம் பேய்ப்படம் பார்க்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். கதவு மெல்லத் திறக்கும்போதே பின்வரிசையிலிருந்து எவனாவது ‘அக்கா, உள்ள வாங்க’ என்று குரல் கொடுப்பான். மொத்த அரங்கும் சிரிக்கும். நம் படங்களும் பேயோடு ஒரு காமெடியனைக் கட்டாயம் சேர்த்துவைக்கின்றன. ஏறிய படபடப்பு அந்தச் சிரிப்பில் இறங்கிவிடுகிறது, இறங்கும்போது கிடைக்கும் சுகத்துக்காகத்தான் மக்கள் காசு கொடுத்துப் போகிறார்கள். உங்கள் கணவருக்குக் கிடைப்பதும் அதுதான். நாள் முழுக்க வெல்டிங் வெக்கையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு அது ஒரு வடிகால். அவரைக் கொடுமைக்காரராக நான் பார்க்கவில்லை. ஆனால் விளக்கணைத்த வீட்டில், எழுந்து போக முடியாமல், அவர் கோபத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த இறக்கம் கிடைப்பதில்லை. ஏறிய படபடப்போடு நேரே படுக்கைக்குப் போகிறீர்கள்.

இனி, அம்மாவைப் பற்றிய அந்தக் கடைசி வரி.

எக்ஸார்சிஸ்ட் படம் 1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது அரங்குகளில் மயங்கி விழுந்தவர்களும் பாதியில் வெளியேறியவர்களும் உண்டு. பொசுட்டோ என்ற மனநல மருத்துவர், அந்தப் படத்துக்குப் பிறகு தூக்கமும் நிம்மதியும் கெட்டுச் சிகிச்சைக்கு வந்த நான்கு பேரைப் பற்றி 1975இல் எழுதினார். படம் வெறும் நெம்புகோல். தூக்கிவிடப்பட்டது அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த சிக்கல் என்பது அவர் எழுத்தின் சாரம். சிகிச்சையில் அவர்கள் தேறினார்கள்.

உங்கள் கடிதத்தில், நீங்கள் பார்த்த படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: செத்துப்போன தாய் தன் மகள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அம்மாவைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத மகள் அதைப் பார்த்திருக்கிறாள், எழுந்து போக அனுமதி இல்லாமல். சம்பந்தம் இருக்காது என்று நினைத்திருந்தால் நீங்கள் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

கால்மாட்டில் நிற்பது அம்மாவோ என்ற எண்ணம் ஒரு கணமாவது உங்களுக்கு வந்துபோயிருக்கலாம். வந்திருந்தால் அதற்காக வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம். வேல்ஸ் நாட்டில் ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் எழுதிய கட்டுரையில், ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ, குரலைக் கேட்டோ, உருவத்தைப் பார்த்தோ இருந்தார்கள். பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. துக்கத்தில் இருப்பவருக்கு இது நடக்கும். ஆனால் பேய்ப்படம் அந்த வரவுக்குக் கோர முகத்தைப் பூசிவிடுகிறது. அம்மாவைப் பற்றி நீங்கள் யாரிடமாவது பேசினீர்களா? காரியம் முடிந்த மறுநாளே அடுப்படிக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உடன்பிறந்தவர் இருந்தால் அவரோடு, இல்லையென்றால் அம்மாவின் தங்கை, தோழி யாரோடாவது உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். எப்படிச் செத்தார் என்பதை விடுங்கள், எப்படி இருந்தார் என்று பேசுங்கள். ஒரு முழு மதியம் அழுதாலும் பரவாயில்லை.

‘பழகிடும்’ என்பது பாதி சரி

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயத்தை நேருக்கு நேர் சந்தித்துத் தணிக்கும் சிகிச்சை உண்டு, நாங்களே தருகிறோம். ஆனால் அதில் படிகளை நோயாளிதான் தேர்ந்தெடுப்பார். சின்னதில் தொடங்கி, பயம் இறங்கும் வரை அங்கேயே நின்று, பிறகு அடுத்த படி. வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். வேறொருவர் கையில் ரிமோட் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துச் சகிப்பதில் பயம் குறையாது; அறை, இருட்டு, சோபா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும்.

அவரிடம் இதைப் படம் ஓடும்போது பேசாதீர்கள். விடுமுறை நாள் காலையில், காபி குடிக்கும்போது. ‘உங்க படத்தை நிறுத்தச் சொல்லல. நான் உக்காரல. வாரத்துல ஒருநாள் நம்ம ரெண்டு பேருக்கும் பிடிச்ச படம் பாக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். படம் பார்ப்பதற்குக் கூட்டாளி வேண்டும் என்பது அவர் தேவை; அதற்குப் பட்டறை நண்பர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே. ஹெட்போன் ஒன்று வாங்கச் சொல்லுங்கள், வீட்டிலுள்ள மற்ற எல்லோருக்கும் தூக்கம் மிஞ்சும்.

அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். அந்த முடக்கம் வரும்போது வெளியிலிருந்து யாராவது தொட்டாலோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ பெரும்பாலும் அது உடனே கலைந்துவிடும். மூச்சு வேகமாக வாங்குவதோ, முனகலோ கேட்டால் தோளைத் தட்ட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பேயை ஓட்டும் பொறுப்பு வந்துவிட்டால் மனிதர் அக்கறையாகிவிடுவார்!

பாப்பாவுக்கு

ஆறு வயதுக் குழந்தையிடம் ‘அது நிஜமில்லடா’ என்று சொல்லிப் பயனில்லை. அந்த வயதில் பார்க்கக் கோரமாக இருப்பது கோரம்தான். பக்கத்தில் படுத்துக்கொள்வது, இரவு விளக்கு, பாத்ரூம் வரை கூடப் போவது, ஒரு வாய் பால், இவைதான் வேலை செய்யும். எட்டு ஒன்பது வயதானால் மேக்கப் எப்படிப் போடுகிறார்கள் என்ற வீடியோவைக் காட்டி விளக்கலாம். கேலி செய்வதும், ‘அழுதா பேய் வரும்’ என்று மிரட்டிச் சோறு ஊட்டுவதும் கூடவே கூடாது. அவள் ஹாலில் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திரை தெரியாவிட்டாலும் அந்த ஒலி முழுவதும் அவளுக்குக் கேட்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், சிறு வயதில் பார்த்த ஒரு படத்தின் பயம் இன்னும் மிச்சமிருப்பதாக ஏறக்குறைய நான்கில் ஒருவர் சொன்னார்கள்.

யுஏ சான்றிதழ் என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்று உங்கள் கணவர் சொல்வது தவறு. 2024ஆம் ஆண்டு விதிகளில் அது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காட்டுவதா என்று பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஏ சான்றிதழ் படத்துக்கு 18 வயது நிரம்பாதவர்களைத் தியேட்டருக்குள் விடக் கூடாது. வீட்டில் அந்தக் காவல்காரர் நீங்கள்தான். ஓடிடி தளங்கள் 13+ முதல் மேலே உள்ள படங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. செட்டிங்ஸில் போய் நான்கு இலக்க எண் போட்டுவிடுங்கள்.

குணசீலம் போகலாமா?

சாமி கும்பிடப் போவதானால் தாராளமாகப் போய் வாருங்கள். பெருமாளைச் சேவிப்பது, தீர்த்தம் வாங்குவது, இதில் எந்த மருத்துவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. தாயத்தும் கையில் இருந்துவிட்டுப் போகட்டும்; மாமியார் உங்கள்மேல் உள்ள பயத்திலும் பாசத்திலும்தான் கட்டியிருக்கிறார். ஆனால் தூக்கம் கெட்டதால் வந்த ஒன்றுக்காகக் குழந்தையை விட்டுவிட்டு 48 நாள் தங்குவது தேவையற்றது. போகும் வழியில் யாராவது பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது என்று ஆரம்பித்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். நீங்கள் வயது வந்த பெண். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் எதுவும் செய்ய உரிமை இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை செய்கிறது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் எது எல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. பத்து, பத்தரைக்குள் படுங்கள், ஒருக்களித்துப் படுங்கள். தண்ணீர் வரும் நாளில் இறங்கி மோட்டார் போடும் வேலையைக் கணவரும் நீங்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை, ஏழு மணி நேரத் தூக்கம் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தாலே பெரும்பாலானோருக்கு இது குறைந்துவிடும். நடுவில் மறுபடி வந்தால் எழுந்திருக்கப் போராடாதீர்கள். போராடினால் பயம் கூடும். ‘இது அதுதான், ஒரு நிமிஷத்துல போயிடும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விடுபட்டதும் உடனே மறுபடி படுக்காமல், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள்.

தூக்க மாத்திரை இதற்கு முதல் மருந்தே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் இது வந்துகொண்டே இருந்தாலோ, பகலில் தாங்க முடியாத தூக்கம் வந்து, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து சரிந்தாலோ, தூக்கத்தில் பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருப்பதாக மற்றவர் சொன்னாலோ, நன்றாக விழித்திருக்கும் பகலில் குரல் கேட்டாலோ, வாழ்ந்து என்ன என்று தோன்றினாலோ தாமதிக்காமல் நேரில் காட்டுங்கள். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டைவிட்டு வர முடியவில்லையென்றால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.